உணவே மருந்து: ஒரு சுலோகமும் அதன் மறுபக்கமும்

அண்மைக் காலத்தில் எம்மிடையே மிகுதியாக வழங்கும் தொடர்களுள் ஒன்று ‘உணவே மருந்து’ என்பதாகும். பத்திரிகைகளின் ஞாயிறு மலர்களிலும், வைத்தியசாலைச் சுவரொட்டிகளிலும், பாடசாலைச் சுகாதார தினப் பேச்சுக்களிலும், காலி வீதியின் பெரிய அங்காடிகளில் அடுக்கப்பட்டிருக்கும் மாப்பொதிகளின் மேலுறையிலும் இத்தொடரைக் காணலாம். ஒரு தொடரை எல்லோரும் ஒருமிக்கச் சொல்லும்போது, எல்லோரும் அதனை ஒரே பொருளிலேதான் சொல்லுகின்றனரா என்று கேட்பது திறனாய்வின் முதற்கடமை. சித்த வைத்தியர் இதனை ஒரு பொருளிற் கையாளுகின்றார்; ஆய்வுகூட விஞ்ஞானி வேறொரு பொருளிற் கையாளுகின்றார்; வணிகர் மூன்றாவது பொருளொன்றை இதனுள்ளே புகுத்திவிடுகின்றார். நான்காவது ஒருவரும் உளர். அவர் உண்பவர். அவருக்கு இத்தொடர் என்ன பொருள் தருகின்றது என்பதை எவரும் கேட்பதில்லை. அதனைக் கேட்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இத்தொடரின் இன்றைய செல்வாக்குக்கு வலுவான காரணம் ஒன்றுண்டு. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி, இலங்கையில் நிகழும் மரணங்களில் ஐந்தில் நான்குக்கு மேற்பட்டவை தொற்றா நோய்களால் நிகழ்கின்றன. நீரிழிவு, இதய நோய், பாரிசவாதம், புற்றுநோய் ஆகியவை ஒருகாலத்தில் மலேரியாவுக்கும் வாந்திபேதிக்கும் இருந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. 2005-2006ஆம் ஆண்டுகளில் நாடளாவிய முறையில் நடத்தப்பட்ட ஆய்வொன்று, இருபது வயதுக்கு மேற்பட்டோருள் நூற்றுக்கு 10.3 பேருக்கு நீரிழிவு உண்டென்று கண்டது. நகர்ப்புறத்தில் இது 16.4 ஆகவும் கிராமப்புறத்தில் 8.7 ஆகவும் இருந்தது. நகரத்து நோய் கிராமத்து நோயிலும் ஏறத்தாழ இருமடங்கு என்பதை வாசகர் நினைவிற் கொள்க. ஒரே மக்கள், ஒரே அரிசி, ஒரே மரபு. வாழ்க்கை முறைதான் வேறு.

இந்நோய்களைத் தடுக்கவல்ல உணவுகள் யாவை என்ற ஆராய்ச்சி இன்று உலகெங்கும் பரந்துள்ளது. பசிதீர்த்து ஊட்டமளிப்பதோடு அமையாது, உடலின் ஏதேனுமொரு தொழிற்பாட்டைத் திருத்தி நோயைத் தடுக்கும் ஆற்றல் கொண்ட உணவைச் ‘செயற்பாட்டுணவு’ என்கின்றனர். இக்கருத்துக்கு உருவங் கொடுத்த நாடு ஜப்பான். 1984இல் அந்நாட்டின் கல்வி அமைச்சின் ஆதரவில் இதற்கென ஆராய்ச்சித் திட்டமொன்று தொடங்கியது. 1991இல் இத்தகைய உணவுகளுக்கு அரச அங்கீகாரம் வழங்கும் சட்டவிதிகள் வந்தன. முதியோர் தொகை பெருகிய நாட்டில் மருத்துவச் செலவைக் குறைப்பது எவ்வாறு என்ற கவலை இதன் பின்னணியிலே இருந்தது. அதாவது, இந்த ஆராய்ச்சி தன் பிறப்பிலேயே ஒரு பொருளாதார வினாவுக்கு விடையாக எழுந்தது. பின்னர் வந்த விளம்பரங்கள் இப்பிறப்பை மறைத்துவிட்டன.

எமது நாடும் இத்துறையிற் பின்தங்கி நிற்கவில்லை. பம்பலப்பிட்டியிற் காலி வீதியை விட்டுப் பிரிந்து கிழக்கே செல்லும் பௌத்தாலோக மாவத்தையில், 1955இல் விஞ்ஞான, கைத்தொழில் ஆராய்ச்சிக்கென அமைக்கப்பட்டு இன்று கைத்தொழில் தொழினுட்ப நிறுவனம் என்று வழங்கும் நிலையம் இருக்கின்றது. சுது ஹீனெட்டி, மசூரன் முதலிய மரபு நெல்லினங்களின் தவிட்டில், மாப்பொருளைச் சமிபாடடையச் செய்யும் நொதியங்களைத் தடுக்கும் ஆற்றல் எவ்வளவு என்பதை அங்குள்ள ஆய்வாளர் அளந்துள்ளனர். ஸ்ரீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழகத்தார் இலைக்கஞ்சிகளை உண்டபின் குருதியிலே குளுக்கோசு எவ்வாறு ஏறியிறங்குகின்றது என்பதை ஆராய்ந்துள்ளனர். கோவை இலையை ஆராய்ந்தவர்கள், ஆரோக்கியமான 61 பேரைக் கொண்டு செய்த பரிசோதனையின் முடிவை 2011இல் வெளியிட்டனர். இருபது கிராம் இலையைத் தேங்காய்த் துருவலும் உப்பும் சேர்த்து, எமது வீடுகளிற் செய்யும் சுண்டல் போலவே கொடுத்தபோது, உணவுக்குப் பின்னரான குருதிக் குளுக்கோசு குறைந்தது.

இவற்றுள் மிகவும் புகழ்பெற்றது பொன்கொரண்டி. சிங்களவர் இதனைக் கோதலஹிம்புட்டு என்பர். இதன் கட்டையிற் கடைந்த கிண்ணத்தில் இரவு முழுவதும் நீரை வைத்திருந்து காலையிற் பருகுவது நீரிழிவுக்கு மருந்தென்பது இந்நாட்டின் பழைய வழக்கம். 1990களின் பிற்பகுதியிற் ஜப்பானிய இரசாயனவியலாளர் இத்தாவரத்திலிருந்து இரண்டு சேர்வைகளைப் பிரித்தெடுத்தனர். ஒன்றுக்குச் சலசினோல் என்றும், மற்றதற்குச் சிங்களப் பெயரைத் தழுவிக் கோதலனோல் என்றும் பெயரிட்டனர். இவை குடலிலே மாப்பொருளைக் குளுக்கோசாக உடைக்கும் நொதியத்தைத் தடுக்கின்றன. 2005இல் வெளியான இலங்கை ஆய்வொன்று 51 நீரிழிவு நோயாளருக்கு மூன்று மாதம் இத்தாவரத் தேநீரையும் மூன்று மாதம் வேறு சாதாரணத் தேநீரையும் கொடுத்து ஒப்புநோக்கியது. எது எத்தேநீர் என்பது கொடுத்தவருக்கும் தெரியாது, குடித்தவருக்கும் தெரியாது. மருந்துத் தேநீரைக் குடித்த காலத்தில் நீண்டகாலக் குளுக்கோசுச் சராசரி குறைந்திருந்தது.

தமிழ் வாசகர் பெருமையோடு அறிய வேண்டிய மற்றொன்று பனையைப் பற்றியது. பனம்பழக் களியின் கைப்புக்குக் காரணமான பிளாபெலிபெரின் என்னும் சேர்வைகளைப் பேராசிரியர் ஜான்ஸும் அவருடன் பணிபுரிந்தோரும் பல்லாண்டு ஆராய்ந்தனர். இச்சேர்வைகளுள் ஒன்று குடலினூடாகக் குளுக்கோசு உறிஞ்சப்படுவதைக் குறைக்கின்றது என்பதை எலிகளிற் செய்த சோதனைகள் காட்டின. பனங்களியை ஏழையின் பண்டமென்று ஒதுக்கி, கடையில் வாங்கிய பிசுக்கோத்தை நாகரிகமென்று கொண்ட தலைமுறைக்கு இது நல்ல பாடம்.

இவ்வளவையும் எடுத்துக் கூறியதற்குக் காரணமுண்டு. முற்போக்காளர் எனத் தம்மைக் கூறிக்கொள்வோருட் சிலர், நாட்டு வைத்தியம், மரபுணவு என்ற சொற்களைக் கேட்டவுடனே அவற்றைப் பிற்போக்கென்று தள்ளிவிடுகின்றனர். அது விஞ்ஞான மனப்பான்மையாகாது. பொதுமக்கள் பல நூற்றாண்டு உழைப்பினூடும் உணவினூடும் சேர்த்துவைத்த அறிவைச் சோதித்து, ஏற்கத்தக்கதை ஏற்பதே விஞ்ஞானம். ஆராய்ச்சி வேண்டும், அது எமது நாட்டிலே, எமது உணவைப் பற்றி நடைபெற வேண்டும். இதில் எமக்கு ஐயமில்லை. ஐயம் எழுவது, ஆராய்ச்சி ஆய்வுகூடத்தை விட்டு வெளியே வந்தபின் அதற்கு நேரும் கதியைப் பற்றியதே.

முதலில் மரபுவாதிகளை நோக்குவோம். ‘எமது முன்னோர் எல்லாவற்றையும் அறிந்திருந்தனர், மேனாட்டார் இன்றுதான் கண்டுபிடிக்கின்றனர்’ என்பது அவர் வாதம். சான்றாகத் திருக்குறளின் மருந்து அதிகாரத்தையும், பதார்த்தகுண சிந்தாமணியையும், யாழ்ப்பாண அரசர் காலத்து வைத்திய நூல்களாகிய செகராசசேகரம், பரராசசேகரம் என்பனவற்றையும் காட்டுவர். இந்நூல்களை இவர் காட்டுகின்றனரேயன்றிக் கற்பதில்லை. மருந்து அதிகாரத்தின் பெரும்பகுதி எதனை உண்ண வேண்டும் என்று சொல்லவில்லை. எவ்வளவு உண்ண வேண்டும், எப்பொழுது உண்ண வேண்டும் என்றே சொல்லுகின்றது. அங்கே அதிசயக் கீரை எதுவும் இல்லை. அளவு என்ற கருத்தே உண்டு. பதார்த்தகுண நூல்களும் ஒவ்வொரு பொருளின் நற்குணத்தோடு தீக்குணத்தையும் கூறுகின்றன. இன்னார்க்கு ஆகும், இன்னார்க்கு ஆகாது என்று வரையறுக்கின்றன. அவற்றின் வாத, பித்த, கபக் கோட்பாட்டை இன்றைய விஞ்ஞானம் ஏற்காது. எனினும் வரையறை கூறும் அவற்றின் நேர்மை, அவற்றின் பெயரால் இன்று பொதி விற்போரிடம் இல்லை.

மரபு என்பதனாலேயே ஒன்று தீங்கற்றதாகிவிடாது என்பதற்கும் பனையே சான்று பகரும். 1970களின் தொடக்கத்திற் பேராதனையில் ஒடியல் மாவை எலிகளுக்கு ஊட்டிச் செய்த ஆராய்ச்சி, அம்மா ஈரலுக்குக் கேடு விளைவிக்கக்கூடும் என்று காட்டிற்று. இதனாற் கூழ் காய்ச்சுவதை நாம் கைவிட வேண்டுமென்பதில்லை. ஒடியல் மாவை நெடுநேரம் நீரில் ஊறவைத்து, அந்நீரை வடித்தபின் சமைப்பது யாழ்ப்பாணத்துப் பெண்களின் வழக்கம். அவ்வழக்கம் எந்த அளவுக்குக் காப்பளிக்கின்றது என்பதை ஆராய்வதே பயனுள்ள வினா. ஒரே மரத்தின் பழத்தில் நன்மையும் கிழங்கின் மாவில் ஐயமும் உண்டென்று சொல்லத் துணிந்தவர் விஞ்ஞானியே. மரபுவாதி அதனைச் சொல்லமாட்டார். வணிகர் சொல்லவே மாட்டார்.

இரண்டாவது தவறு இதற்கு நேர்மாறானது. அது உணவை மறந்து, உணவிலுள்ள ஒரு சேர்வையைத் தெய்வமாக்குவது. காய்கறியும் பழமும் மிகுதியாக உண்போருக்குச் சுவாசப்பைப் புற்றுநோய் குறைவு என்பது பல ஆய்வுகளிற் கண்ட உண்மை. அப்படியாயின் அவற்றிலுள்ள பீற்றா கரோட்டினைப் பிரித்தெடுத்துக் குளிசையாகக் கொடுத்தாற் போதுமே என்று கருதி, பின்லாந்திலே புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைக் கொண்டு பெரும் பரிசோதனை நடத்தினர். 1994இல் முடிவு வெளிவந்தது. பீற்றா கரோட்டின் பெற்றவர்களிடையே சுவாசப்பைப் புற்றுநோய் குறையவில்லை; நூற்றுக்குப் பதினெட்டு வீதம் கூடியிருந்தது. மரக்கறி உண்பவரின் வாழ்க்கையிலிருந்து ஒரு மூலக்கூற்றைப் பிரித்தெடுக்கலாம்; அவரது ஆரோக்கியத்தை அந்த மூலக்கூற்றோடு சேர்த்துப் பிரித்தெடுக்க இயலாது.

ஆயினும் சந்தைக்கு மூலக்கூறுதான் வேண்டும். ஏன்? வேலியிற் படர்ந்த கோவைக்குக் காப்புரிமை பெற முடியாது. அதன் சாற்றைப் பிரிக்கும் முறைக்குப் பெறலாம். தெருவோரத்தில் விற்கும் கீரைப்பிடிக்கு விளம்பரச் செலவு கட்டாது. அதனை உலர்த்தித் தூளாக்கிச் சிமிழில் அடைத்தால் கட்டும். பொன்கொரண்டியின் கதை இதற்கு விளக்கம். சிங்களக் கிராமத்தவர் அறிந்து காத்த அறிவின் மீது வெளிநாடுகளிற் காப்புரிமைகள் பெறப்பட்டன. அறிவைத் தந்த கிராமத்துக்குக் கிடைத்தது, கோதலனோல் என்ற பெயரில் ஒட்டியிருக்கும் இரண்டு சிங்கள அசைகள் மாத்திரமே. காட்டிலே மெல்ல வளரும் அக்கொடி, தேவை மிகுந்தபோது அளவின்றி வெட்டப்பட்டு அருகிவந்தமையும் இக்கதையின் ஒரு பகுதி.

தமிழாசிரியன் என்ற முறையில், இப்பொதிகளின் மேலுள்ள வாக்கியங்களை ஓர் இலக்கியப் பகுதியை ஆராய்வது போல ஆராய்ந்து பார்க்குமாறு வாசகரை வேண்டுகின்றேன். ‘சீனியின் அளவைக் கட்டுப்பாட்டில் வைத்திருக்க உதவும்’ என்பது வழமையான ஒரு வாக்கிய வகை. இதிலே எழுவாய் உண்டு, பயனிலை உண்டு. பொருள் மட்டும் இல்லை. யாருடைய சீனி? எவ்வளவு உண்டால்? எத்துணைக் காலம்? எதனோடு ஒப்பிட்டு? ‘உதவும்’ என்ற வினை எதனையும் உறுதி செய்யாது, எல்லாவற்றையும் நம்பச் செய்கின்றது. இதற்கு அருகே ஆய்வுக் கட்டுரையின் வாக்கியத்தை வைத்துப் பாருங்கள்: இத்தனை பேர், இத்தனை கிராம், இத்தனை மாதம், இன்ன வேறுபாடு. அது வறண்ட வாக்கியந்தான். ஆனால் அது தவறென்று நிறுவப்படக்கூடியது. பொதியின் வாக்கியத்தைத் தவறென்று எவராலும் நிறுவ முடியாது. அதனாலேயே அது உண்மையுமாகாது. ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் இத்தகைய உரிமைக்கூற்றுக்களுக்குச் சட்டம் செய்து, வணிக நிறுவனங்கள் குவித்த ஆயிரக்கணக்கான கூற்றுக்களை ஆராய்ந்து, 2012இல் வெளியிட்ட முதற் பட்டியலில் 222ஐ மாத்திரம் அனுமதித்தது. ஏனையவற்றுட் பெரும்பாலானவற்றுக்குப் போதிய சான்று இருக்கவில்லை.

இவ்வளவும் ஆராய்ச்சிக்கும் வணிகத்துக்கும் உள்ள தொடர்பு. இனி, ஆராய்ச்சிக்கும் உண்பவருக்கும் உள்ள தொடர்பை நோக்குவோம். இதற்கு வரலாறு எமக்கு இரண்டு சிறந்த பாடங்களை வைத்திருக்கின்றது.

முதலாவது, பெரிபெரி என்னும் நோய். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நீராவி ஆலைகள் பரவி, தீட்டிய வெள்ளையரிசி ஆசியாவின் சிறைகளையும் படைகளையும் சுரங்கங்களையும் நிரப்பியபோது இந்நோயும் பரவிற்று. ஜாவாவில் எய்க்மன் என்ற டச்சு மருத்துவர், தீட்டிய அரிசி தின்ற கோழிகள் நோயுற்றதையும் தவிடு சேர்ந்த அரிசியால் அவை தேறியதையும் கண்டார். 1929இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மலாயாவிலிருந்த பிராடன் என்ற மருத்துவர் 1907இல் வெளியிட்ட நூலில் வேறொன்றைக் கவனித்தார். தீட்டிய பச்சையரிசி உண்ட சீனத் தொழிலாளர் கூட்டங்கூட்டமாகப் பெரிபெரியால் மடிந்தனர். அதே நாட்டில் உழைத்த தமிழ்த் தொழிலாளரிடையே நோய் அரிதாக இருந்தது. அவர்கள் உண்டது புழுங்கலரிசி. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள உயிர்ச்சத்து அரிசியினுள்ளே இறங்கிவிடுகின்றது என்பது பின்னர் தெளிவாயிற்று. கூலிகளென்று இழிவாக அழைக்கப்பட்ட எமது மக்களின் அடுப்பு, பேரரசின் மருத்துவத்துக்குப் பாடம் கற்பித்தது. செயற்பாட்டுணவு என்ற சொல் பிறப்பதற்கு எண்பது ஆண்டுகளுக்கு முன்னரே அதன் உண்மைப் பொருளை அவ்வடுப்பிற் காணலாம்.

இரண்டாவது, பெலக்ரா என்னும் நோய். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆயிரமாயிரம் வறியோரை இது பற்றியது. தோல் கருகி, வயிறு கெட்டு, சித்தம் கலங்கி மாண்டனர். கிருமியே காரணம் என்று மருத்துவ உலகம் நம்பியது. 1914இல் இதனை ஆராய அனுப்பப்பட்ட ஜோசப் கோல்ட்பர்கர், அநாதை இல்லங்களிலே பிள்ளைகளுக்கு நோய் வர, அங்கு பணிபுரிந்தோருக்கு வராததைக் கண்டார். பிள்ளைகளின் உணவு சோளமும் பாகும். பாலும் இறைச்சியும் சேர்த்தபோது நோய் நீங்கிற்று. அவர் அத்துடன் நிற்கவில்லை. எட்கர் சிடென்ஸ்ரிக்கர் என்ற பொருளியலாளரைச் சேர்த்துக்கொண்டு, 1916 முதல் தென் கரோலினாவின் பஞ்சாலைக் கிராமங்களில் வீடு வீடாக வருமானத்தையும் உணவையும் நோயையும் கணக்கிட்டார். வருமானம் குறையக் குறைய நோய் மிகுந்தது. நோயின் காரணம் உணவுக்குறை. உணவுக்குறையின் காரணம் கூலிக்குறை. இதை வெளிப்படையாகச் சொன்னபோது தென்மாநில அரசியல்வாதிகள் சினந்தனர். தமது மண்ணுக்கு அவப்பெயர் என்றனர். குறைந்திருந்த சத்து நிக்கொட்டினிக் அமிலம் என்பது 1937இலேதான் தெரியவந்தது. சத்தின் பெயர் தெரியாத காலத்திலேயே நோயின் வேரைக் கோல்ட்பர்கர் கண்டுவிட்டார். இன்று எமக்கு நூறு சேர்வைகளின் பெயர் தெரியும். வேரைக் காணும் கண்தான் குறைந்துவிட்டது.

இப்பாடங்களைக் கையிற்கொண்டு எமது நாட்டுத் தட்டை நோக்குவோமாக. 1942இல் யுத்தகாலப் பங்கீட்டு முறை வந்தது. அரிசிப் பங்கீட்டு விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியதை எதிர்த்து 1953 ஆகஸ்டில் நாடு ஹர்த்தாலிற் கொந்தளித்தது; பிரதமர் பதவி விலகினார். யுத்தகாலத்தில் அரிசிக்குப் பதிலியாக வந்த கோதுமை மா, பாணாகவும் ரொட்டியாகவும் எமது உணவிலே நிலைத்துவிட்டது. மலையகத் தோட்டத்தில் விடியுமுன் எழுந்து கொழுந்து கிள்ளச் செல்லும் பெண்ணுக்கு, விரைவிற் செய்யக்கூடியதும் வயிற்றில் நெடுநேரம் நிற்பதும் மாரொட்டியே. ஆயிரம் ரூபா நாட்சம்பளத்துக்குப் பல ஆண்டு போராடி 2021இல் அதனைப் பெற்ற தொழிலாளி, மறு ஆண்டே அந்த ஆயிரத்தின் பெறுமதி கரைந்ததைக் கண்டார். 2022 செப்டெம்பரிற் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி உணவு விலையேற்றம் நூற்றுக்கு 94.9. ஓராண்டில் உணவின் விலை ஏறத்தாழ இரட்டித்த நாட்டில், ‘செந்நெல்லரிசி உண்ணுங்கள், பழம் உண்ணுங்கள், மீன் உண்ணுங்கள்’ என்ற அறிவுரை எவர் செவியில் எவ்வாறு விழுந்திருக்கும் என்பதைச் சிந்தியுங்கள்.

கொழும்பைப் பாருங்கள். புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமைக்கும், கொட்டாஞ்சேனையில் இரவு வேலை முடித்து வரும் துறைமுகத் தொழிலாளிக்கும், வெள்ளவத்தைப் புடவைக்கடையில் நாள் முழுவதும் நின்றுகொண்டே விற்பனை செய்யும் பெண்ணுக்கும் நடுப்பகலில் உடனடிச் சக்தி தருவது சீனி மிகுந்த தேநீரும் மாப்பண்டமும். இது அறியாமையன்று, கிடைக்கும் நேரத்திலும் காசிலும் அவர்கள் செய்யும் கணக்கு. அந்தக் கணக்கு பதினைந்து ஆண்டுகளின் பின் நீரிழிவாக முடிகின்றது. அப்போது அவர்களை நோக்கி, ‘குரக்கன் உண்டிருக்கலாமே’ என்கின்றோம். நேற்று ஏழையின் தானியமென்று இகழப்பட்ட குரக்கன், இன்று மெருகிட்ட பொதியில் ஏறி வசதி படைத்தோரின் தானியமாயிற்று. பொருள் மாறவில்லை, அதை உண்ணும் வர்க்கம் மாறியது. ‘உணவே மருந்து’ என்ற தொடர் உண்பவருக்குத் தரும் பொருள் இப்போது தெளிவாகும்: உனக்கு நோய் வந்தால் குற்றம் உன்னுடையது, ஏனெனில் மருந்து உன் தட்டிலே இருந்தது.

இங்கு ஒரு மறுப்பு எழக்கூடும். ‘சமுதாய அமைப்பு மாறும்வரை நோயாளி காத்திருக்க வேண்டுமா? இன்றே செய்யக்கூடியது ஒன்றும் இல்லையா?’ என்று கேட்பர். நியாயமான வினா. கூலி உயரும்வரை கோவைச் சுண்டலை மறுக்க வேண்டியதில்லை. உணவும் உழைப்பும் ஓய்வும் சேர்ந்த முழுமையான மாற்றம் பயன் தரும் என்பதற்குச் சான்று உண்டு. சென்னையில் மருத்துவர் ராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006இல் வெளியான ஆய்வு, நீரிழிவின் வாயிலில் நின்ற 531 பேரை எடுத்துக்கொண்டது. உணவுமுறையிலும் உடற்பயிற்சியிலும் மாற்றம் செய்தவர்களிடையே, எதுவும் செய்யாதோரிலும் பார்க்க நோய் தோன்றுவது நூற்றுக்கு 28.5 குறைந்தது, மெற்போமின் மருந்து பெற்றோரிடையே 26.4 குறைந்தது. இம்முடிவில் இரண்டைக் கவனிக்க வேண்டும். ஒன்று, மருந்துக்கு இணையான பயனைத் தந்தது ஒரு தூளோ சிமிழோ அன்று. ஆலோசனையும் கண்காணிப்பும் சேர்ந்த வாழ்க்கைமுறை மாற்றம். மற்றது, அம்மாற்றத்துக்கு நேரமும் துணையும் வேண்டும். அந்த நேரத்தையும் துணையையும் எல்லோருக்கும் உரித்தாக்குவதே சுகாதாரக் கொள்கையின் பணி.

அவ்வாறு பொதுமையாக்கிய முன்மாதிரிகள் எமது நாட்டிலேயே உண்டு. 1995இல் உப்புக்கு அயடின் சேர்ப்பது சட்டமாயிற்று. கண்டமாலையைத் தடுக்கும் இவ்வுணவுக்கு விளம்பரம் தேவைப்படவில்லை. செல்வரும் வறியவரும் ஒரே உப்பை உண்டனர். 2016 ஆகஸ்ட் முதல், சீனி சேர்ந்த குடிபானப் போத்தல்களிற் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை அடையாளங்கள் கட்டாயமாயின. நூறு மில்லிலீற்றரிற் பதினொரு கிராமுக்கு மேற்பட்டாற் சிவப்பு. எழுத்தறியாத பிள்ளையும் படிக்கக்கூடிய வாக்கியம் அது. பொதியின் ‘உதவும்’ என்ற வாக்கியத்துக்கு அதுவே தக்க மறுமொழி.

இவற்றிலும் மேலான முன்மாதிரி வடக்கிலே தோன்றியது. விவசாயத் திணைக்களம் தென்னிலங்கையில் ‘ஹெல போஜுன்’ என்ற பெயரில் நடத்திய மரபுணவு நிலையங்களைப் போன்றவற்றை, வட மாகாண சபையின் காலத்தில் ‘அம்மாச்சி’ என்ற பெயரிலே தொடங்கினர். பெயரைப் பற்றிக் கொழும்புக்கும் வடக்குக்கும் வாதம் எழுந்ததையும், தமிழ்ப் பெயரே நிலைத்ததையும் வாசகர் அறிவர். பெயரிலும் முக்கியமானது உள்ளீடு. அங்கே சமைத்து விற்போர் பெண்கள். அவர்களுட் பலர் யுத்தம் குலைத்த குடும்பங்களைத் தாங்குவோர். குரக்கன் புட்டும் இலைக்கஞ்சியும் தோசையும் கண்முன்னே சமைக்கப்பட்டு, தொழிலாளியும் மாணவனும் வாங்கக்கூடிய விலையிற் கிடைக்கின்றன. சமைப்பவருக்கு வருமானம், விளைவிப்பவருக்குச் சந்தை, உண்பவருக்கு ஆரோக்கியம் என்ற மூன்றும் ஒரே கூரையின் கீழ்ச் சேர்கின்றன. அங்கே காப்புரிமைக்கும் சிமிழுக்கும் வேலையில்லை.

ஆகவே எமது ஆராய்ச்சியாளரிடம் முற்போக்காளர் முன்வைக்க வேண்டிய கோரிக்கைகள் தெளிவானவை. இலையின் சேர்வையை அளப்பதோடு, அவ்விலை ஒரு தொழிலாளர் குடும்பத்தின் தட்டுக்கு எவ்விலையில் வந்து சேரும் என்பதையும் அளக்க வேண்டும். மூன்று மாத ஆய்வு போதாது. பல ஆண்டு தொடரும் ஆய்வுகளைத் தோட்டங்களிலும் தொடர்மாடிகளிலும் நடத்த வேண்டும். கோல்ட்பர்கர் பொருளியலாளரைச் சேர்த்துக்கொண்டதுபோல எமது ஆய்வாளரும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கண்டதைப் பாடசாலை உணவிலும், வைத்தியசாலைச் சமையலறையிலும், தொழிற்சாலைச் சிற்றுண்டிச்சாலையிலும் முதலிற் செயற்படுத்த வேண்டும். மக்களின் அறிவிலிருந்து பெறப்பட்ட எதற்கும் மக்களே உரிமையாளர் என்பதைச் சட்டம் காக்க வேண்டும்.

ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் தனியான ஒரு கடமையுண்டு. மேலே குறித்த ஆய்வுகள் யாவும் ஆங்கிலத்திலே இருக்கின்றன. அவற்றைப் பற்றித் தமிழில் வருவனவோ, பெரும்பாலும் அளவும் ஆளும் அற்ற புகழுரைகள். 1847இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் கிறீன், மானிப்பாயிலே தமிழில் மருத்துவம் கற்பித்து, மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, 1873இலே தாயகம் திரும்பினார். அந்நியர் ஒருவர் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய பணி அது. எமது பல்கலைக்கழகங்களிலிருந்து வெளிவரும் ஆய்வுகளையேனும் தெளிந்த தமிழில், எண்ணோடும் ஐயத்தோடும், மக்களுக்கு எடுத்துரைக்க எம்மால் இயலாதா? விஞ்ஞான ஆசிரியரும் தமிழாசிரியரும் ஒரு மேசையில் அமர்ந்தால் இது கைகூடும். வகுப்பறையிற் பொதியொன்றை வைத்து அதன் மேலுறை வாக்கியத்தைப் பகுத்தாராயும் ஒரு பாடவேளை, மாணவனுக்கு இலக்கணத்தையும் இரசாயனத்தையும் பொருளியலையும் ஒருங்கே கற்பிக்கும்.

உணவு மருந்தாகலாம். அதற்கு முன் அது எல்லோருக்கும் உணவாக வேண்டும். புழுங்கலரிசி எமது மக்களைக் காத்தது, அது விலையுயர்ந்த அரும்பொருளாக இருந்தமையால் அன்று. ஒவ்வோர் அடுப்பிலும் அது வெந்தமையால். நோய் தடுக்கும் உணவைத் தேடும் ஆராய்ச்சி வெற்றி பெற்றது என்று நாம் சொல்லக்கூடிய நாள், கொட்டாஞ்சேனைத் தொழிலாளியின் மதியச் சோற்றுப் பொதியில் அதன் பயன் சேரும் நாளேயாகும்.